திரிதலும் உறைதலும்

பால் கெட்டுப்போனால் ‘திரிந்துவிட்டது’ என்கிறோம். உறை ஊற்றிய பால் பதமாக இறுகினால் ‘உறைந்தது’ என்கிறோம். வேதியியலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நிகழ்ச்சி. பால் புளிக்கப் புளிக்க, அதிலுள்ள புரதத் துகள்கள் தம்மை ஒன்றையொன்று அண்டவிடாமல் வைத்திருந்த மின்னேற்றத்தை இழந்து ஒட்டிக்கொள்கின்றன. நாம் கேட்டு நடந்தால் உறைதல், கேட்காமல் நடந்தால் திரிதல். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் றப்பர் தோட்டங்களில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் வேலையை இந்த இரண்டு சொற்களுக்குள் அடக்கிவிடலாம். மலையில், அதாவது மரங்கள் நிற்கும் இடத்தில், றப்பர்ப் பால் திரியக் கூடாது. தோட்டத் தொழிற்சாலையான ஸ்டோரில் உறைய வேண்டும். தோட்டத்தில் ஒரு நாளின் நேர ஒழுங்கை வகுத்ததில் நிர்வாகியான துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் இருந்த பங்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதப் படலத்துக்கும் இருந்தது.

1876இல் ஹென்றி விக்கம் அமேசான் பகுதியிலிருந்து சுமார் 70,000 றப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ 1,900 அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகில் ஹெனரத்கொடவில் நடப்பட்டன. மரம் வேரூன்றிய பிறகும் பாலை எப்படிக் கட்டியாக்குவது என்ற கேள்வி மிஞ்சியது. அமேசான்காரர்கள் பாலைப் புகையில் காட்டிக் காட்டி உருண்டையாகத் திரட்டினார்கள். பெருந்தோட்டத்துக்கு அது ஒத்துவராது. 1898-99இல் பேராதனைப் பூங்காவில் ஆய்வு செய்த ஜான் பார்க்கின், அசற்றிக் அமிலம் சேர்த்தால் பால் சுத்தமாக உறையும் என்று காட்டினார். பேராதனையில் 1906இல் றப்பர் கண்காட்சி நடந்தபோது மோகம் நாடெங்கும் பற்றியிருந்தது. யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, எஹலியகொட, குருவிட்ட எனச் சப்ரகமுவவின் சரிவுகளில் றப்பர் ஏறியது. ஆள்சேர்க்கும் கங்காணிகள் வழியே வந்த தமிழ்த் தொழிலாளர்கள் பால்வெட்டு பழகினார்கள். விடியற்காலையில் பெரட்டு எனும் ஆளெடுப்பு, வெளிச்சம் வந்ததும் வெட்டு, வெயில் ஏறியதும் சிரட்டைகளிலிருந்து பாலைச் சேர்த்தல், உச்சிக்குள் ஸ்டோர். அங்கே நீர் கலந்து வடித்து, அமிலம் விட்டு இறுகவைத்து, உருளையில் அழுத்திப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். அசற்றிக் அமிலத்தின் இடத்தைப் பின்னாளில் எறும்புக் கடியில் எரியும் பார்மிக் அமிலம் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

இந்த அவசரத்துக்குக் காரணம் பாலின் அமைப்பு. புதுப்பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு றப்பர் நுண்துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. அதன் எதிர்மின்னேற்றமே துகள்களை விலக்கி வைக்கிறது. சிரட்டையில் விழுந்த பாலில் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கத் தொடங்கியதும் அந்தக் காவல் தளர்கிறது. அதனால்தான் தொலைவுக்குப் போகும் பாலில் அம்மோனியா சேர்க்கிறார்கள்: அது கிருமியையும் அடக்குகிறது, புளிப்பையும் முறிக்கிறது. மலையில் தானாகக் கட்டியானது ஒட்டுப்பால்; அதன் தரமும் விலையும் குறைவு. வேண்டாத நேரத்தில் வந்தால் நட்டமாகும் அதே அமிலத்தை ஸ்டோரில் அளந்து ஊற்றுகிறார்கள். பக்கத்துத் தேயிலை ஸ்டோரில் இந்த வேலையை வெப்பம் செய்கிறது. கொழுந்தைக் கறுப்பாக்கும் நொதியும் ஒரு புரதம்தான். வேண்டிய நிறம் வந்ததும் சூட்டில் அதன் மடிப்பைக் குலைத்து நிறுத்திவிடுகிறார்கள்.

அமிலமும் சூடும் ஒன்றையே செய்கின்றனவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புரதம் அமினோ அமிலங்களின் சங்கிலி. அதைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு கொதிநீரிலும் எளிதில் அறாது. சங்கிலி தனக்குரிய வடிவில் மடிந்து நிற்பது ஹைட்ரஜன் பிணைப்பு, மின்னேற்ற ஈர்ப்பு, நீரை வெறுக்கும் பகுதிகள் உள்ளொதுங்குதல் போன்ற மென்மையான பிடிகளால். சூடு இவற்றை உலுக்கி அவிழ்க்கிறது. முட்டை வெந்தால் திரும்பப் பச்சையாகாது. றப்பர்ப் பாலில் அமிலத்தின் முதல் வேலை மேற்பரப்பின் மின்னேற்றத்தை அணைப்பதுதான். மடிப்பு முழுதும் குலைய வேண்டியதில்லை. ஆகவே இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது தவறு. ஆனால் புரதத்தைத் தாங்குவன எளிதில் கலையும் பிடிகள் என்ற அடிப்படை இரண்டுக்கும் பொது. சீன அறிஞர் சியென் வூ புரதம் குலைவதை மடிப்பு அவிழ்தலாக விளக்கியது 1931இல். சப்ரகமுவ ஸ்டோர்கள் அதற்கு முன்பே அமிலத்தின் அளவைக் கைப்பழக்கத்தில் வைத்திருந்தன.

இன்னொரு மறுப்பு: விடியலில் வெட்டுவது பால் திரியும் என்பதற்காக அல்ல, வெயிலுக்கு முன் மரத்தின் உள்ளழுத்தம் கூடி இருப்பதால் என்பது. அது உண்மை. ஆனால் பாலின் ஓட்டம் ஏன் சில மணி நேரத்தில் நிற்கிறது என்று பார்த்தால் மீண்டும் புரதமே எதிர்ப்படுகிறது. காயம்பட்ட பட்டையில் பாலின் நுண்பைகள் உடைந்து ஹெவெயின் என்ற சிறு புரதம் வெளிவருகிறது. அது றப்பர்த் துகள்களைக் கோத்து வெட்டுவாயை அடைக்கிறது. 43 அமினோ அமிலங்களே கொண்ட இதனை நான்கு கந்தகப் பாலங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மெல்லிய பிடிகளைப்போல் இவை எளிதில் அவிழா. அதனால் இது உறுதியான புரதம். றப்பர்க் கையுறை ஒவ்வாமையைத் தூண்டுவனவற்றில் இதுவும் ஒன்று. டயர் றப்பரைக் கந்தகம் சேர்த்து உறுதியாக்குவதிலும் கோப்பது கந்தகப் பாலமே. அங்கே கோக்கப்படுவது மட்டும் றப்பர்ச் சங்கிலி.

மூலக்கூறே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றால், தோட்டத்தின் அநீதிகளுக்கும் அதையே பொறுப்பாக்கிவிடலாமே என்பதுதான் கனமான மறுப்பு. இதற்கு வரலாறே விடை தருகிறது. 1972க்கும் 1975க்கும் இடையில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனது. துரை மாறினார், சம்பளப் பட்டியல் மாறியது, சங்கப் பேச்சு மாறியது; பால்வெட்டின் காலை மாறவில்லை. மாறாதது வேதியியலின் பங்கு. மாறியது மனிதர் வகுத்தது. இரத்தினபுரியில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். மழை சிரட்டையில் இறங்கினால் பால் நீர்த்துப் போகும், வெட்டும் தடைப்படும். அது இயற்கை. அந்த நாளின் பேரை, அதாவது நாட்கூலியை, யார் இழப்பது, திரிந்த பாலின் நட்டத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதை எந்தப் பிணைப்பும் சொல்லவில்லை. அதைச் சொன்னது செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு.