முள் நின்ற மொறிஸ்

கிரானில் நண்பன் ஒருவனின் அப்பப்பாட மொறிஸ் மைனர் இன்னும் ஓடுது. ஸ்பீடோமீற்றர் முள்தான் அசையாது. 1990இல் கேபிள் அறுந்ததாம். மைல் கணக்கும் அதே கம்பியில ஓடுறதால, அது 61,304இலேயே நிக்குது. யுத்த காலத்தில இந்தக் கார் யாரை எங்கெங்க கொண்டு போச்சு எண்டதுக்குக் கணக்கே இல்ல.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. 1977 வரை பழசைத் திருத்தித்தான் ஓட்டினார்கள். அந்தக் கைப்பழக்கத்தால, 1990களில் இங்கிலாந்தின் பாத் நகர மொறிஸ் கராஜுக்கே காலியில இருந்து பாகங்கள் போயின. அதே வருசங்களில கிரானுக்கு மேற்கே, 'விடுவிக்கப்படாத' பகுதிக்கு, பற்றரி கொண்டுபோகவும் தடை!

கியர்பொக்ஸில இருந்து வரும் கம்பி மீற்றருக்குள்ள காந்தத்தைச் சுத்தும். காந்தம் அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும். ஒட்டோ ஷுல்ட்ஸ 1902இல் காப்புரிமை பெற்ற யோசனை.

நாங்க கழட்டிப் பார்த்தா, உள்கம்பியின் சதுர முனை முறிஞ்சிருந்தது. வேறொரு கேபிளின் கம்பியை அளவுக்கு வெட்டி, முனையைச் சதுரமா அடிச்சு, மெல்லிசா கிறீஸ் பூசி விட்டோம். மேல்முனைக்குப் பூசக்கூடாது, மீற்றருக்குள்ள ஏறிடும்.

சந்திவெளி தாண்டேக்க முள் ஆடி ஆடி 30இல் நிண்டது. பின்னால இருந்து அப்பப்பா, "மைல் மாறிச்சா மனே?" எண்டார்.

61,305.