இ.ஐ.ஆர். 21 நீராவி எஞ்சின்

ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்காக 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்த கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் ஆலை கட்டிய அகலப்பாதை நீராவி எஞ்சின். ‘எக்ஸ்பிரஸ்’ என்பது இதன் பெயர். புகழ்பெற்ற ‘ஃபேரி குயின்’ அதே ஆண்டு அதே ஆலையில் பிறந்த, 22 என்ற எண் கொண்ட உடன்பிறப்பு.

கப்பலில் கல்கத்தா வந்து, ஹவுரா – ராணிகஞ்ச் பாதையில் சிறிய ரயில்களை இழுத்தது. ராணிகஞ்ச் நிலக்கரி வெட்டும் ஊர். எஞ்சினின் தீனி தடத்தின் மறுமுனையிலேயே கிடைத்தது. இதன் ஆறு சக்கரங்களில் நடுவிலுள்ள பெரிய ஜோடியை மட்டுமே பிஸ்டன்கள் சுழற்றும். மற்றவை பாரம் தாங்குபவை. தண்ணீர்த் தொட்டி பாய்லருக்குக் கீழே, அடிச்சட்டத்துக்குள் இருக்கிறது. இழுப்பது ஒரே ஜோடி என்பதால் தண்டவாளத்தில் பிடி குறைவு. ரயில்கள் நீண்டு கனக்கத் தொடங்கியதும் இந்த வகை எஞ்சின்களுக்கு மெயின் லைனில் இடமில்லாமல் போயிற்று.

1909-இல் ஓய்வு பெற்றது. திருச்சியிலிருந்து நம் ஊரான புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-இல்தான். நம் ஊர் முதல் ரயிலைப் பார்த்தபோது இந்த எஞ்சினின் ஓட்டம் நின்று இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பீகாரின் ஜமால்பூர் பணிமனையிலும் ஹவுராவிலுமாக 101 ஆண்டுகள் மேடையில் காட்சிப்பொருளாக நின்றது. பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் காத்தது அந்த மேடைதான். ஆனாலும் நெருப்பு மூட்டாத நீராவி எஞ்சின் பாதி எஞ்சின்தான்.

மீதிப் பாதியைத் திருப்பித் தந்தவர்கள் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள். 2010-இல் அவர்கள் கைக்கு வந்த எஞ்சினில் பல பாகங்கள் இல்லை. காணாமற்போனவற்றைப் புதிதாகச் செய்து பொருத்தினார்கள். இன்றைய தண்டவாளத்தில் ஓடுவதற்காகக் கூடுதல் பிரேக், மின்விளக்கு, மின்சார ஹாரன் ஆகியவையும் சேர்ந்தன. அசல் உருவம் கலைந்துவிட்டதென்று இதைக் குறை சொல்ல முடியாது. பணியில் இருந்த காலத்திலும் தேய்ந்ததை மாற்றி மாற்றித்தான் எஞ்சின்கள் ஓடின.

2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு மீண்டும் ஓடியது. ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் முதல் பயணிகள் ரயில் ஹவுராவிலிருந்து புறப்பட்டதும் 1854-இல் இதே தேதியில்தான். அதன்பின் எழும்பூர் – கோடம்பாக்கம் தடத்தில் பாரம்பரிய ஓட்டங்கள் நடந்தன; 2019-இல் எர்ணாகுளத்திலும் ஒற்றைப் பெட்டியை இழுத்துச் சென்றது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பல மணி நேரம் முன்பே அடுப்பைப் பற்றவைத்து, பாய்லர் மெல்லச் சூடேறக் காத்திருக்க வேண்டும்.