இரண்டு பேருக்கு ஒரு கூடாரம்

எங்கள் வீட்டு அட்டாலியில் ஒரு பை கிடக்கிறது. முழங்கை நீளம், இரண்டு கிலோ சொச்சம் எடை. அதற்குள் ஒரு வீடு இருக்கிறது.

நானும் என் வகுப்புத் தோழனும் பி.காம். இரண்டாம் வருஷத்தில் ஆளுக்கு 1,200 ரூபாய் போட்டு வாங்கிய டென்ட் அது. இப்போது மூன்றாம் வருஷம் முடிகிறது. அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. டென்ட் யாருக்கு? பார்ட்னர்ஷிப் கலைப்பு என்று ஒரு அத்தியாயமே படித்திருக்கிறோம், ரியலைசேஷன் அக்கவுண்ட் எல்லாம் போட்டுப் பார்த்தோம், சரிப்பட்டு வரவில்லை. அந்தப் பஞ்சாயத்து நடுவில்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இரண்டு பேர் மட்டும் படுக்கிற, முதுகில் தூக்கிப் போகிற கூடாரம் என்ற சாமானை யார் முதலில் யோசித்தது? நம்மூரில் கூடாரம் என்றால் என்னவாக இருந்தது? தேடிப் படித்ததை எழுதுகிறேன். பொறுமை உள்ளவர்கள் தொடரவும் :-)

முதலில் வார்த்தைகளைப் பாருங்கள். "டேரா போட்டுட்டான்" என்கிறோம், அது வடக்கிலிருந்து வந்தது. "முகாம்" அரபியிலிருந்து வந்தது. தார்ப்பாய் இங்கிலீஷ் டார்ப்பாலினிலிருந்து வந்து, தாரும் பாயும் சேர்ந்த சுத்தத் தமிழ் மாதிரி நன்றாக வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்காகத் தமிழனுக்குக் கூடாரம் தெரியாது என்று யாரும் கிளம்ப வேண்டாம். பத்துப்பாட்டில் ஒன்றான, நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டை எடுத்துப் பாருங்கள். காட்டை வெட்டி, முள்வேலி கட்டி, கோல் நட்டு, கயிறு இழுத்துக் கட்டிய பாசறை அதில் வருகிறது. அரசனுக்கு மட்டும் துணித்திரை சூழ்ந்த தனி இடம். மொத்தம் 103 அடிகள். பன்னிரண்டாம் வகுப்போடு தமிழை மூட்டைகட்டிய எனக்கே உரையை வைத்துக்கொண்டு ஒரே மாலையில் படிக்க முடிந்தது.

ஆனால் கவனியுங்கள், பாசறை என்பது படைக்கு. ஒரு ஊரே நகர்கிற விஷயம். இரண்டு பேர் விஷயம் இல்லை.

அப்படியே 1800-க்கு வருவோம். திப்பு சுல்தான் இறந்த அடுத்த வருஷம், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டரை "போய் நாட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வா" என்று அனுப்பினார். மைசூர், கன்னடம், மலபார் என்று சுற்றிய அந்தப் பயணத்தில் நம் கொங்கு நாடும் உண்டு. 1807-ல் மூன்று பெரிய புத்தகங்களாக வந்தது. ஈரோட்டைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஐதர் அலி காலத்தில் சுமார் 3,000 வீடுகள் இருந்த ஊர், திப்பு காலத்தில் சுருங்கி, கம்பெனிப் படை வந்த சண்டையில் முழுக்க அழிந்து, அவர் பார்த்தபோது திரும்ப எழும்பிக்கொண்டிருந்ததாம். சுமார் 400 வீடுகள். நான் தினமும் பஸ் பிடிக்கிற ஊர் அது!

அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரி பயணம் போனால் கூடாரம், கட்டில், மேஜை, சமையல் சாமான், வேலையாட்கள் எல்லாம் கூடவே போகும். கித்தான் துணி கனம், அதிலும் மழையில் நனைந்தால் கேட்கவே வேண்டாம், மாடுகள்தான் சுமந்தாக வேண்டும். வசதி உள்ளவர்கள் இரண்டு செட் வைத்திருப்பார்கள். ஒன்றில் துரை தூங்கும்போதே இன்னொன்று அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். மொகலாய பாதுஷாக்கள் செய்துகொண்டிருந்ததைத்தான் இவர்களும் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் கலெக்டர் "கேம்ப் போயிருக்கிறார்" என்றும் "முகாம் அலுவலகம்" என்றும் சொல்கிறோமே, அது அந்தக் கித்தான் கூடாரத்தின் மிச்சம்தான். 1819 ஜனவரியில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறி கோத்தகிரிப் பக்கம் திம்பட்டியில் முகாம் போட்டார். ஊட்டி என்ற ஊரே அதற்கப்புறம்தான் வந்தது.

இன்னொருவரைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வில்லியம் லாம்டன். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த மனிதர். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீள அடிக்கோடு அளந்து ஆரம்பித்தார், 1806-ல் நம் கோயம்புத்தூர்ப் பக்கமும் ஒரு அடிக்கோடு அளந்தார். அவரிடம் இருந்த தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோவில் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, வட்டம் நெளிந்து போயிற்று. வேறு யாராக இருந்தாலும் லண்டனுக்கு லெட்டர் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் ஒரு கூடாரத்துக்குள் போய் அடைந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது. ஆறு வாரம்! ஆப்பும் திருகும் கப்பியும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வட்டத்தை நேராக்கிவிட்டார். கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து மனிதன் செய்த வேலைகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. (நாங்கள் எங்கள் டென்ட்டுக்குள் செய்தது ஐந்து மணி நேரம் ரம்மி.)

இதெல்லாம் துரைமார் கதை. நம் ஜனங்களுக்கு டென்ட் என்றால் சினிமா. கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வே வேலையில் இருந்தவர், 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவி வாங்கி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். எங்கள் அப்பாருக்கு இன்றைக்கும் டென்ட் என்றால் டென்ட் கொட்டாய்தான். நான் டென்ட் வாங்கினேன் என்றதும் "என்ன படம் ஓட்டப் போறே கண்ணு?" என்றார்.

சரி, இரண்டு கிலோவுக்கு வருவோம்.

கூடாரத்தை மாட்டின் முதுகிலிருந்து மனிதன் முதுகுக்கு மாற்றியவர்களில் முக்கியமானவர்கள் மலை ஏறியவர்கள். எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயர், தொழில் மரத்தில் படம் செதுக்குவது. 1860-களில் ஆல்ப்ஸ் மலையில் தங்குவதற்குத் தானே ஒரு கூடாரம் வடிவமைத்தார். முன்னால் இரண்டு கோல், பின்னால் இரண்டு கோல், தரைத்துணி சுவரோடு சேர்த்தே தைத்தது. எடை பத்து கிலோப் பக்கம். 1865-ல் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதலில் தொட்டதும் அவர் குழுதான்.

அவருக்கு அடுத்து வந்தவர்தான் என் ஹீரோ. ஆல்பர்ட் மம்மரி. தோல் பதனிடும் தொழிற்சாலை வைத்திருந்தவர் (ஈரோட்டுக்காரனுக்கு இது போதாதா!). தனியாகக் கோல் எதற்கு, கையில்தான் பனிக்கோடரி இருக்கிறதே என்று அதையே நட்டு, மேலே லேசான பட்டுத் துணியைப் போர்த்தினார். எடை இரண்டு கிலோவுக்குள். 1880-களில்! ஆனால் காமர்ஸ் மாணவர்களே, கதை இங்கேதான் நம் பக்கம் திரும்புகிறது. இதே மம்மரி 1889-ல் ஜே. ஏ. ஹாப்சனோடு சேர்ந்து ஒரு பொருளாதாரப் புத்தகம் எழுதினார். எல்லோரும் அளவுக்கு மீறிச் சேமித்தால் சரக்கு வாங்க ஆள் இருக்காது, தொழில் படுத்துவிடும் என்பது வாதம். சேமிப்பே புண்ணியம் என்று இருந்த காலத்தில் இது தெய்வ நிந்தனை மாதிரி. ஹாப்சனுக்கு வகுப்பெடுக்கிற வாய்ப்பே போயிற்று. 1936-ல் கீன்ஸ் தன் பெரிய புத்தகத்தில் இந்த இருவரையும் பாராட்டி எழுதினார். மம்மரி அதைப் பார்க்கவில்லை. 1895-ல் நங்க பர்பத்தில், ரகோபீர் தாப்பா, கோமன் சிங் என்ற இரண்டு கூர்க்கா வீரர்களோடு மறைந்துபோனார். உடல்கள் கிடைக்கவில்லை. மேக்ரோ எகனாமிக்ஸ் வகுப்பில் கீன்ஸ் வரும்போதெல்லாம் எனக்கு இப்போது ஒரு டென்ட்தான் ஞாபகம் வருகிறது.

மலைக்குப் போகாதவர்களுக்கும் இதைக் கொண்டுவந்தது ஒரு தையல்காரர். தாமஸ் ஹைரம் ஹோல்டிங். சைக்கிளில் வைத்துக் கட்டுகிற அளவுக்குக் கூடாரத்தைச் சுருக்கி, 1901-ல் சைக்கிள் முகாமாளர்களுக்குச் சங்கம் தொடங்கி, 1908-ல் அதற்கென்று புத்தகமும் போட்டார். துணி தெரிந்தவன் கை வைத்தால்தான் இதெல்லாம் நடக்கும் என்று ஜவுளி ஊர்க்காரனாகச் சொல்லிக்கொள்கிறேன்.

1935-ல் டூபான்ட் கம்பெனியில் நைலான் பிறந்தது (சினிமா டூபான் வேறு). பருத்தி நனைந்தால் கனக்கும், ஊறும், மக்கும். நைலானுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பூச்சு பூசிய நைலான் மூச்சு விடாது. இரண்டு பேர் ராத்திரி முழுக்க விடும் மூச்சில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். அது துணியின் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்து நம் மேலேயே சொட்டும். அதனால்தான் நல்ல டென்ட்டுக்கு இரண்டு அடுக்கு. உள்ளே காற்று போகிற வலை, வெளியே தனியாக மழைத்துணி, நடுவில் கொஞ்சம் இடைவெளி. உள் வலை என்பது கொசுவலைக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். கொசுவலை கரூரில் எவ்வளவு நெய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். இவ்வளவு பக்கத்தில் சரக்கு இருந்தும் நம் ஊர்ப் பெயர் போட்ட டென்ட் ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. வருத்தம்தான்.

1975-ல் நார்த் பேஸ் கம்பெனி, பக்மின்ஸ்டர் புல்லரின் கோளக் கூரை யோசனையை வைத்து வளைந்த கம்பிகளால் ஒரு டென்ட் செய்தது. நடுவில் கம்பம் இல்லை, எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் ஒரே மாதிரி தாங்கும். இன்று கடையில் இருக்கும் குமிழ் டென்ட்டுகளுக்கெல்லாம் அதுவும் ஒரு தாத்தா.

இருவர் கூடாரத்தில் உலகப் புகழ்பெற்ற ராத்திரி எது? 1953 மே 28. எவரெஸ்ட்டில் சுமார் 8,500 மீட்டர் உயரத்தில், சரிவான திட்டில், டென்சிங்கும் ஹிலாரியும். ஹிலாரி பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டார். காலையில் கல்லாக உறைந்து கிடந்தது. அடுப்பில் காட்டிக் காட்டி இளக்க இரண்டு மணி நேரம். உலக சாதனைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் செருப்பு வாட்டியிருக்கிறார்கள் :-) நம்மூரில் பனி உறையாது. ஆனால் தேள் இருக்கிறது. பூட்ஸை உள்ளேயே வையுங்கள்.

இவ்வளவையும் வாங்குவதற்கு முன் படித்திருக்கலாம். நாங்கள் கடையில் நிறத்தைப் பார்த்து வாங்கினோம். ஒற்றை அடுக்கு, உச்சியில் தொப்பி மாதிரி சின்னத் துணி, கண்ணாடி இழைக் கம்பி. "ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம்" என்றார் கடைக்காரர். இரண்டு பேர் டென்ட் என்றால் வழக்கமாக 130 சென்டிமீட்டர் அகலம். அதாவது இரண்டு ரயில் பெர்த்தை ஒட்டிப் போட்ட மாதிரி. பைகளுக்கு இடம் கிடையாது.

அக்டோபர் கடைசி. அந்தியூர் பக்கம் நண்பனின் அம்மாயி ஊர்த் தோட்டம். மிருதுவாக இருக்கிறதே என்று பாத்திக்குள் டென்ட்டை அடித்தோம். பாத்தி என்பது தண்ணீர் நிற்பதற்காகவே செய்தது என்று இரண்டு பி.காம். மூளைக்கும் உறைக்கவில்லை. பதினொரு மணிக்கு மழை. பன்னிரண்டுக்குத் தையல் வழியாக ஒழுக்கு. ஒரு கம்பி நீளவாக்கில் பிளந்து துணியைக் கிழித்தது. அரை மணியில் தலையணை மிதந்தது. அப்போது டார்ச் வெளிச்சத்தில் அவனுடைய அப்புச்சி வந்தார், தலையில் சாக்கைக் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு. ஒரு சொட்டு நனையவில்லை! "ஏங்கண்ணு, சாளைல வந்து படுக்கறதுதானே" என்றார். திட்டவில்லை. காலையில் எங்களைக் கூட்டிப்போய் களத்து மேட்டைக் காட்டினார். மேடு பார், வாசலை வாடைக் காற்றுக்கு முதுகாக வை, மரத்தடி வேண்டாம், காய்ந்த கொப்பு முறியும். ஆடு பட்டி போடுகிறவர்களுக்கு இது பாலபாடம். மம்மரியின் பட்டுத்துணிக்கும் அவர் தலையில் இருந்த சாக்குக்கும் யோசனை ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்து வாங்குவதாக இருந்தால் நான் பார்ப்பது: முழு மழைத்துணி தரை வரை இருக்க வேண்டும், தையல் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும், அலுமினியக் கம்பி, துணி குறைந்தது 1,500 மில்லிமீட்டர் தண்ணீர்த் தம்பம் தாங்க வேண்டும். எடையை இரண்டால் வகுத்துப் பாருங்கள். துணி ஒருவனிடம், கம்பியும் ஆணியும் இன்னொருவனிடம். திரும்பி வந்ததும் நிழலில் காயப் போடாவிட்டால் உள்பூச்சு பிசுபிசுத்து நாற்றம் பிடிக்கும். எங்களுடையது பிடித்துவிட்டது.

எங்கே அடிப்பது என்பது இன்னொரு கதை. 2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத்தீ. மொத்தம் 23 பேர் இறந்தார்கள். சிக்கியவர்களில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போன குழுவும் இருந்தது. நான் அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் சத்தமாகப் பேசின ஞாபகம் இல்லை. அதற்கப்புறம் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்தது. தீக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். சத்தியமங்கலம் 2013-லிருந்து புலிகள் காப்பகம். நினைத்த இடத்தில் டேரா போட முடியாது, போடவும் கூடாது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், ரிசார்ட்டில் டென்ட்டில் தங்கப் போன ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். நைலான் துணி மழைக்குத்தான் சுவர். யானைக்கும் தீக்கும் அது இல்லை, ஒரு பொறி பட்டாலே உருகும். அம்மா இன்றுவரை எனக்குத் தோட்டத்தைத் தாண்டி அனுமதி கொடுக்கவில்லை. எனக்கும் வாதாட முடியவில்லை.

பஞ்சாயத்து பாக்கி இருக்கிறதே. தேய்மானம் கழித்து 300 ரூபாய் மதிப்பு போட்டோம். அவன் 150 கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்றான், வேண்டாம் நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன், பிறகு அவனும் விடவில்லை. கடைசியில் துணி என் வீட்டிலும் கம்பிகளும் ஆணிகளும் அவன் பையிலுமாகப் பிரித்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ரயில். பிளந்த கம்பியை பெங்களூரில் மாற்றிவிட்டுப் பொங்கலுக்கு எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்.