தொகை எழுதாத செக்

முதல் உலகப்போர் ஏன் வந்தது என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் எழுதிய ஒரு வரி நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 1914 ஜூன் 28-ல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்ட காவ்ரிலோ பிரின்சிப்புக்கு வயது 19. எழுதினால் மார்க் கிடைத்துவிடும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். 1898-ல் ஆஸ்திரிய மகாராணி எலிசபெத்தை ஜெனீவாவில் குத்திக் கொன்றார்கள். 1900-ல் இத்தாலி ராஜாவை, 1908-ல் போர்ச்சுகல் ராஜாவைச் சுட்டார்கள். அதற்கெல்லாம் ஐரோப்பா முழுவதும் படை திரளவில்லை. 1914-ல் மட்டும் ஒரு கொலை நடந்து 37-வது நாளில் ஐந்து வல்லரசுகள் போரில் இருந்தன. எப்படி?

நான் வரலாறு படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு பேங்குக்கு வந்தவன். அதனாலோ என்னவோ, இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது ஒரு கியாரண்டி விவகாரமாகவே தெரிகிறது.

பேங்க் கியாரண்டி என்றால் என்ன? ஒரு காண்ட்ராக்டருக்காக பேங்க் பொறுப்பேற்கிறது. அவர் சொன்னபடி செய்யாவிட்டால் பணத்தை நாங்கள் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கிறது. அப்படி எழுதும்போது கடைசியில் கண்டிப்பாக ஒரு பாரா இருக்கும். மேலே என்ன எழுதியிருந்தாலும் எங்கள் பொறுப்பு இத்தனை ரூபாய்க்கு மேல் போகாது, இந்தத் தேதி வரைதான் செல்லும், இந்தத் தேதிக்குள் கேட்டால்தான் தருவோம் என்று. அந்த பாரா இல்லாத கியாரண்டியில் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு அன்று இரவு தூக்கம் வராது. அடுத்தவன் என்ன செய்தாலும் நாம் மாட்டிக்கொள்வோம் அல்லவா?

1914-க்கு முந்தைய ஐரோப்பாவில் இப்படிப்பட்ட கியாரண்டிகள் நிறைய. 1879-ல் ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் ஒப்பந்தம் போட்டன. 1882-ல் இத்தாலி சேர்ந்தது. கெட்டிக்காரரான பிஸ்மார்க், ரஷ்யா பகையாளி ஆகிவிடக் கூடாது என்று 1887-ல் அதனுடனும் ரகசியமாக ஒரு ஒப்பந்தம் செய்தார். மூன்று வருஷத் தவணை. 1890-ல் அவர் பதவியை விட்டு இறங்கியதும், ரினீவல் கேட்டு ரஷ்யா வந்தபோது ஜெர்மனி மறுத்துவிட்டது. என்னைக் கேட்டால், சரயேவோவில் சுட்ட துப்பாக்கியைவிட அந்த ரினீவல் மறுப்பு பெரிய விஷயம். தனித்து விடப்பட்ட ரஷ்யா நேராகப் பிரான்ஸிடம் போனது. 1894-ல் அந்தக் கூட்டணி உறுதியானது. பிரெஞ்சு நடுத்தரக் குடும்பங்கள் சேமித்த பணமெல்லாம் ரஷ்யக் கடன் பத்திரங்களுக்குப் போயிற்று. அந்தப் பணத்தின் ஒரு பகுதி ஜெர்மன் எல்லைப் பக்கம் படையைக் கொண்டு செல்லும் ரயில் பாதைகளாக மாறியது. (அந்தப் பத்திரங்களை 1918-ல் போல்ஷ்விக்குகள் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அது தனிக் கதை.)

பிரிட்டன் 1904-ல் பிரான்ஸுடனும் 1907-ல் ரஷ்யாவுடனும் சமாதானமாகப் போனது. காரணம் பெரும்பாலும் ஜெர்மனி. 1898 முதல் ஜெர்மனி போட்டி போட்டுக்கொண்டு போர்க்கப்பல் கட்டியது. கடலை நம்பிப் பிழைக்கும் தீவு தேசத்துக்கு அது வயிற்றில் புளியைக் கரைத்தது.

இதற்குள் மொராக்கோ விஷயமாக இரண்டு முறை, போஸ்னியா விஷயமாக ஒரு முறை போர் வரப் பார்த்து நின்றுபோனது. கெட்டிக்காரத்தனத்தால் தப்பித்தோம் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அவமானத்தை விழுங்கிக்கொண்டு பின்வாங்கினார். 1909-ல் ரஷ்யா, 1911-ல் ஜெர்மனி. வராக்கடனைப் புதுக்கடன் கொடுத்து மூடுவது போலத்தான். லெட்ஜர் பார்க்க அழகாக இருக்கும். அடுத்த தடவை விழுங்க யாரும் தயாராக இல்லை.

இப்போது ஜூலை 5. ஆஸ்திரியத் தூதர் பெர்லின் அருகே பாட்ஸ்டாமில் கெய்சர் வில்ஹெல்முடன் சாப்பிடுகிறார். செர்பியா மேல் நடவடிக்கை எடுக்கப் போகிறோம், உங்கள் ஆதரவு உண்டா என்று கேட்கிறார். ரஷ்யா குறுக்கே வந்தாலும் முழு ஆதரவு உண்டு என்கிறார் கெய்சர். மறுநாள் பிரதமர் பெத்மான் ஹோல்வெக்கும் அதையே உறுதி செய்கிறார். கெய்சர் உல்லாசக் கப்பலில் நார்வே பக்கம் கிளம்பிவிடுகிறார். சரித்திரக்காரர்கள் இதற்கு வைத்த பெயரே 'பிளாங்க் செக்'. தொகை இல்லை, தேதி இல்லை, கையெழுத்து மட்டும் இருக்கிறது.

ஏன் கொடுத்தார்கள்? வெறும் முட்டாள்தனம் என்று நான் நினைக்கவில்லை. ரஷ்யா தன் படையைப் பெருக்கும் திட்டம் 1917 வாக்கில் முடிந்துவிடும், அதற்கப்புறம் ஜெயிக்க முடியாது என்று ஜெர்மன் தளபதிகள் கணக்குப் போட்டார்கள். வருவது வரட்டும், நாளைக்கு வருவதைவிட இன்றைக்கு வரட்டும் என்ற எண்ணம். எதிராளி வளர்ந்துகொண்டே போகிறான் என்ற பயம் இருக்கிறதே, அது பேராசையைவிட மோசம்.

செக்கை வாங்கிய ஆஸ்திரியா உடனே பணம் எடுத்திருந்தால்கூட ஒருவேளை சண்டை பால்கனோடு முடிந்திருக்கலாம். அவர்கள் 18 நாள் எடுத்துக்கொண்டார்கள். ஹங்கேரியப் பிரதமர் டிஸா சம்மதிக்கவில்லை. சிப்பாய்கள் அறுவடை லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். பிரெஞ்சு ஜனாதிபதி புவான்காரே ரஷ்யாவில் விருந்தாளியாக இருந்தார். அவர் கப்பல் ஏறும்வரை காத்திருந்தார்கள். ஜூலை 23 மாலை 6 மணிக்கு செர்பியாவுக்குக் கெடு. பத்து நிபந்தனை, 48 மணி நேரம். செர்பியா பெரும்பாலானவற்றுக்குத் தலையாட்டியது. தன் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கெடுப்பதை மட்டும் மறுத்தது. ஆஸ்திரியத் தூதர் பதிலை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே ரயிலேறினார்.

ஊர் திரும்பிய கெய்சர் ஜூலை 28 காலையில் அந்தப் பதிலைப் படிக்கிறார். இதற்குப் பிறகு போருக்குக் காரணமே இல்லை என்று எழுதுகிறார். அன்றைக்கே ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது. கியாரண்டி கொடுத்தவருக்கு மனசு மாறினால் என்ன, கையெழுத்து மாறுமா?

அப்புறம் எல்லாம் ரயில்வே டைம்டேபிள்தான். ரஷ்ய ஜார் ஜூலை 29 இரவு முழுப் படைதிரட்டலை நிறுத்தச் சொன்னார். மறுநாள் மந்திரியும் தளபதிகளும் பேசிப் பேசி மனதை மாற்றினார்கள். ஜெர்மனியின் திட்டமோ, ரஷ்யா மெதுவாகத் திரளும், அதற்குள் பெல்ஜியம் வழியாகப் போய்ப் பிரான்ஸை முடித்துவிட வேண்டும் என்பது. அதாவது ரஷ்யாவோடு தகராறு என்றாலும் முதல் அடி பெல்ஜியத்துக்கு. ஆகஸ்ட் 1 அன்று கெய்சர் தளபதி மோல்ட்கேயிடம் படையை முழுக்கக் கிழக்கே திருப்பச் சொன்னார். முடியாது, ஒரு வருஷ உழைப்பில் போட்ட திட்டம் என்றார் மோல்ட்கே. (போருக்குப் பிறகு, முடிந்திருக்கும் என்று சொல்லி ஜெர்மன் ரயில்வே பிரிவுத் தளபதி ஒரு புத்தகமே எழுதினார்!)

பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839-லேயே பிரிட்டன், பிரஷ்யா உட்பட வல்லரசுகள் கையெழுத்துப் போட்டிருந்தன. அதற்கும் காலாவதித் தேதி கிடையாது. 75 வருஷம் கழித்து, ஆகஸ்ட் 4 இரவு 11 மணிக்கு, அந்தத் தாளின் பேரில் பிரிட்டன் போரில் இறங்கியது. வெறும் காகிதத் துண்டுக்காகவா என்று பெத்மான் ஹோல்வெக் அங்கலாய்த்தார். நிபந்தனையை நிதானமாகப் படித்தது இத்தாலி ஒன்றுதான். தற்காப்புக்குத்தான் ஒப்பந்தம், நீங்களே போய் அடித்தால் நான் வரவேண்டியதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது.

என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயமும் உண்டு. நாடுகள் வியாபாரத்தாலும் கடனாலும் இப்படிப் பின்னிக்கிடக்கும்போது போரில் ஜெயித்தாலும் லாபமில்லை என்று நார்மன் ஏஞ்சல் எழுதிய புத்தகம் அப்போது சக்கைப்போடு போட்டது. அவர் சொன்னது சரிதான். அதைப் படித்தவர்கள் பலர், லாபமில்லை என்றால் போரே வராது என்று எடுத்துக்கொண்டார்கள். லண்டன் பணச்சந்தைக்கே கடைசி வாரம்தான் சூடு தெரிந்தது. ஜூலை 30-ல் 3 சதவீதத்திலிருந்து 4 ஆன பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி, 31-ல் 8, ஆகஸ்ட் 1-ல் 10. பங்குச்சந்தையை மூடினார்கள், ஐந்து மாதம் திறக்கவில்லை. வெளிநாட்டு வியாபாரிகளின் பில்களுக்கு லண்டன் நிறுவனங்கள் பொறுப்பேற்றிருந்தன. பணம் அனுப்ப வேண்டியவர்களோ இப்போது எதிரி நாட்டில். மொரட்டோரியம் அறிவித்துத்தான் மூச்சு விட்டார்கள்.

இந்தியாவை யாரும் கேட்கவில்லை. லண்டன் அறிவித்ததும் நாமும் போரில் இருந்தோம். செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை மேல் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள்; தமிழுக்கு 'எம்டன்' என்று ஒரு வார்த்தையும் கிடைத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. தில்லியில் இருப்பவர்கள் அடுத்த முறை குழந்தைகளுக்கு இந்தியா கேட்டில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கும்போது அண்ணாந்து பாருங்கள், கல்லில் 13 ஆயிரத்துக்கும் மேல் பெயர்கள் இருக்கின்றன. பெரும்பாலோர் செர்பியா என்ற பெயரையே அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள்.

தோற்ற ஜெர்மனி மேல் நஷ்ட ஈடு விழுந்தது. அதைக் கட்ட 1924-லும் 1930-லும் வெளிநாடுகளில் கடன் பத்திரம் வெளியிட்டது. ஹிட்லர் வந்து கட்டாமல் விட்டார். 1953-ல் லண்டனில் பேசித் தீர்த்தபோது, ஒரு பகுதி வட்டியை ஜெர்மனி ஒன்று சேர்ந்தால் கட்டலாம் என்று தள்ளிவைத்தார்கள். 1990-ல் ஒன்று சேர்ந்தது. கடைசித் தவணையைக் கட்டிக் கணக்கை முடித்த தேதி 2010 அக்டோபர் 3.