குறுங்காலப் பொருளாதாரப் புள்ளிவிபரங்கள்: நாடுகளின் கூட்டுத் திட்டமிடல் வளர்ந்த வரலாறு

குடிகளைத் தொகை கூட்டுதலும் நிலத்தை அளந்து இறை விதித்தலும் அரசுகளுக்குப் பண்டு தொட்டே பழகிய தொழில்களாம். ஆயின் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குடிசன மதிப்பு நாட்டின் நெடுங்கால நிலையைக் காட்டுமேயன்றி, சென்ற மாதம் ஆலைகள் எவ்வளவு நூல் நூற்றன, துறைமுகத்தினூடாக எவ்வளவு பண்டம் சென்றது, சந்தையில் விலை ஏறிற்றா இறங்கிற்றா என்பவற்றைக் காட்டமாட்டாது. மாதந்தோறும் அல்லது காலாண்டுதோறும் வெளியாகி, பொருளாதாரத்தின் ஏற்றவிறக்கங்களை உடனுக்குடன் அறிவிக்கும் எண்களையே குறுங்காலப் புள்ளிவிபரங்கள் என்பர். இவற்றை ஒரு நாடு தன் தேவைக்கெனச் சேர்த்தல் ஒன்று. பல நாடுகள் ஒத்த முறையிற் சேர்த்து ஒருங்கே வெளியிடுதல் வேறொன்று. பின்னையது எளிதில் நிறைவேறியதன்று. சிலர் முன்னரே அறிந்திருந்த செய்தியை ஏனையோர் அறியாது இழப்பெய்திய பின்னரே அதற்கான திட்டங்கள் பெரும்பாலும் எழுந்தன என்பதை இவ்வரலாற்றை நோக்குவார் காண்பர்.

பெல்சிய நாட்டு அறிஞர் கெற்றலே என்பாரின் முயற்சியால் முதலாவது சர்வதேசப் புள்ளிவிபரப் பேராயம் 1853ஆம் ஆண்டு பிரசெல்சு நகரிற் கூடிற்று. நாடுகள் தத்தம் கணக்குகளை ஒரே வகையாக அமைத்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். பேராயத்தின் தீர்மானங்களோ மிகப் பல. அவற்றை நிறைவேற்றும் கடப்பாடு எந்த அரசுக்கும் இருக்கவில்லை. 1876இற் புடாபெசுற்றில் நடந்த கூட்டமே இறுதியானது. பின்னர் 1885இல் இலண்டனில் நிறுவப்பட்ட சர்வதேசப் புள்ளிவிபரக் கழகம் அறிஞரின் சங்கமாக அமைந்ததேயன்றி அரசுகளின் அவையாக அமையவில்லை.

அரசுகளை உடன்படிக்கையாற் பிணித்து மாதந்தோறும் எண்களைப் பெறும் வழியை முதலிற் காட்டியவர் புள்ளிவிபர வல்லுநர் அல்லர், ஒரு கடைக்காரர். போலந்திற் 1849ஆம் ஆண்டு பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்று, கலிபோர்ணியாவின் சாக்கிரமென்டோ நகரிற் புடைவைக் கடை நடத்திப் பொருளீட்டியவர் டேவிட் லூபின். பின்னர் அவர் பழத்தோட்டமும் கோதுமை நிலமும் வாங்கிக் கமக்காரரானார். அப்போதுதான் ஓர் உண்மை அவருக்குத் தெளிவாயிற்று. கலிபோர்ணியாவில் விளைந்த கோதுமையின் விலை கலிபோர்ணியாவிற் றீர்மானிக்கப்படவில்லை. கடல் கடந்த இலிவர்ப்பூல் சந்தையிலே றீர்மானிக்கப்பட்டது. உருசியாவிலும் ஆர்சென்றீனாவிலும் இந்தியாவிலும் பயிர் எவ்வாறுள்ளது என்பதைப் பெருவணிகர் தந்தி மூலம் அறிந்திருந்தனர். ஏர் பிடித்தவனோ தன் வேலிக்கு அப்பால் நடப்பதை அறியான். விளைவு குறையும் என்பதை அறிந்தவன் அறியாதவனிடம் மலிவாக வாங்கினான். விளைவு பெருகும் என்னும் வதந்தியும் வேண்டியபோது பரப்பப்பட்டது. இதற்கு மாற்று, உலகப் பயிர்நிலையை எல்லா அரசுகளும் மாதந்தோறும் ஓரிடத்துக்கு அறிவிக்க, அவ்விடத்திலிருந்து ஒரே அறிக்கை யாவர்க்கும் வெளியாதலே என லூபின் கொண்டார்.

அவர் தம் நாட்டு அரசை அணுகினார், செவிசாய்ப்பாரில்லை. பிரித்தானியாவிலும் பிரான்சிலும் அவருக்கு அதே கதியே நேர்ந்தது. ஈற்றில் இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்டர் இமானுவேல் அவர் கூற்றை ஏற்றார். 1905ஆம் ஆண்டு யூன் 7ஆந் தேதி உரோம் நகரில் நாற்பது நாடுகளின் பிரதிநிதிகள் கூடிச் சர்வதேச விவசாயக் கழகத்தை நிறுவும் உடன்படிக்கையை ஆக்கினர். 1908இல் அது தொழிற்படத் தொடங்கிற்று. வெவ்வேறு நாடுகள் பயிர்நிலையை வெவ்வேறு சொற்களாற் குறித்து வந்தமையால், அவற்றை ஒரே எண்ணளவைக்குக் கொணருதலே கழகத்தின் முதற் றொல்லையாயிருந்தது. ஒருவர் 'நன்று' என எழுதியதும் மற்றொருவர் 'சராசரிக்கு மேல்' என எழுதியதும் ஒன்றா வேறா என்பதை யார் சொல்ல வல்லார்? நாடுகளிடை ஒப்பீடு என்னும் பிரச்சினையின் கரு முழுவதும் இச்சிறு வினாவில் அடங்கியுள்ளது. லூபின் 1919ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி உரோமிலேயே காலமானார்.

முதலாம் உலகப் போரின் பின் சர்வதேச சங்கம் இப்பணியை விவசாயத்துக்கு அப்பாலும் விரித்தது. பல நாடுகளின் விலை, உற்பத்தி, வர்த்தகம், நாணயம் பற்றிய எண்களை அதன் மாதாந்தப் புள்ளிவிபர ஏடு ஒருங்கே தந்தது. 1928ஆம் ஆண்டு திசம்பர் 14ஆந் தேதி செனீவாவிற் கைச்சாத்திடப்பட்ட பொருளாதாரப் புள்ளிவிபர உடன்படிக்கை இத்துறையின் முதற் பெருந்திட்டம் எனலாம். வெளிநாட்டு வர்த்தகம், தொழில்கள், விவசாயம், சுரங்கம், கைத்தொழில், விலைச் சுட்டெண்கள் ஆகிய துறைகளிலே எவ்வெவற்றை எவ்வளவு காலத்துக்கொருமுறை வெளியிடல் வேண்டும் என அது வரையறுத்தது. 1930 திசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குள் உலகின் பொருளாதாரமே சரிந்துவிட்டது.

அச்சரிவைப் புள்ளிவிபரம் முன்னறிவிக்கத் தவறியது பெருங் கதையாகும். ஆவார்ட் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வாளர் பங்குவிலை, வணிகம், பணம் என்னும் மூன்று வளைகோடுகளைக் கொண்டு வணிகத்தின் போக்கை முன்கூட்டிச் சொல்லி வந்தனர். பேர்லினிலும் மொசுக்கோவிலும் அத்தகைய ஆய்வுக்கழகங்கள் இருந்தன. 1929ஆம் ஆண்டின் இறுதியிலும் ஆவார்ட் அறிக்கைகள் நிலைமை விரைவிற் சீராகும் என்றே கூறின. மொசுக்கோக் கழகத்தை நடத்திய கொந்திராத்தியேவ் 1930இற் சிறைப்பட்டு 1938இற் கொல்லப்பட்டார்; எண்ணைச் சொல்வோனுக்குச் சில நாடுகளில் நேரும் கதி இதுவென்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

முன்னறிவித்தல் கிடக்க, நடந்துகொண்டிருந்ததை அறியவும் வழியிருக்கவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேலையற்றோர் எத்தனை பேர் என்பதற்கு மாதக் கணக்கு அக்காலத்தில் இல்லை. 1930 சனவரியிற் சனாதிபதி ஊவர், வேலைவாய்ப்பு மீண்டும் உயரத் தொடங்கிவிட்டது என அறிவித்தார். நியூயோர்க் மாநிலத்தின் கைத்தொழில் ஆணையாளராயிருந்த பிரான்சிசு பேர்க்கின்சு அம்மையார் தம் மாநிலத்து ஆலைகளின் கணக்கைக் கொண்டு அதனைப் பகிரங்கமாக மறுத்தார். நடுவண் அரசின் தொழிற் புள்ளிவிபரப் பணியகத் தலைவர் ஈதல்பேர்ட் சுருவேர்ட்டும் தம் அமைச்சரோடு முரண்பட்டு, 1932இல் ஓய்வுபெறும்படி செய்யப்பட்டார். வேலையற்று வீதியில் நின்ற மக்களுக்கு, தாம் இத்தனை பேர் என்று சொல்லும் எண்கூட இல்லை. மாதிரிக் குடும்பங்களை மாதந்தோறும் வினவி வேலையின்மையை அளக்கும் முறை அந்நாட்டில் 1940இலேதான் வந்தது.

இரண்டாம் உலகப் போரின் பின் ஐக்கிய நாடுகள் தாபனத்தின் புள்ளிவிபர ஆணைக்குழு செய்தவற்றைச் சுருங்கவே கூறலாம். கைத்தொழில்களை வகுக்கும் பொதுமுறை 1948இலும், வர்த்தகப் பண்டங்களை வகுக்கும் பொதுமுறை 1950இலும் வந்தன. 1954இல் யூனிவாக் கணனியைக் கொண்டு பருவகால வேறுபாட்டை நீக்கிக் கணிக்கும் வேலை அமெரிக்கக் குடிசன மதிப்புப் பணியகத்திற் றொடங்கிற்று. கிறித்து பிறப்பு விழாவுக்காகக் கடைகளில் விற்பனை பெருகுவதை வளர்ச்சியென மயங்காதிருக்க இது உதவும். ஆயினும் நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும் ஆண்டுதோறும் மாதம் மாறி வருவன. அவற்றுக்கு மேலைநாட்டுச் சூத்திரம் நேரே பொருந்தாது. வகுப்புமுறைகள் பொதுவானமையாற் சுட்டெண்கள் ஒத்தனவாகிவிடா என்பதற்குக் கொழும்பும் ஒரு சான்று. 1949-50இல் நகரத் தொழிலாளர் குடும்பங்கள் செலவிட்ட வகையை அடியாகக் கொண்டு, 1952ஐ அடியாண்டாக வைத்து அமைந்த விலைச் சுட்டெண் 2007 வரை வழங்கிற்று. அரை நூற்றாண்டுக்கு முந்திய குடும்பத்தின் கூடையைக் கொண்டு புதிய தலைமுறையின் சம்பளப் படி கணிக்கப்பட்டது.

அடுத்த பெருந்திட்டத்துக்கும் ஒரு வீழ்ச்சியே வழிவகுத்தது. 1994 திசம்பரில் மெட்சிக்கோவின் நாணய மதிப்புச் சரிந்தது. அந்நாட்டு மத்திய வங்கி தன் அந்நியச் செலாவணி ஒதுக்கை ஆண்டில் மூன்று முறையே அறிவித்து வந்தது. இடையில் அது கரைந்ததைப் பலர் அறியவில்லை. 1995இல் ஆலிபாக்சிற் கூடிய ஏழு நாடுகளின் தலைவர்கள் இதற்கு ஒரு நியமம் வேண்டும் என்றனர். 1996 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் தரவு வெளியீட்டுக்கான விசேட நியமத்தை வகுத்தது. ஒதுக்கு ஒரு வாரத்துள், விலைச் சுட்டெண் ஒரு மாதத்துள், கைத்தொழில் உற்பத்தி ஆறு வாரத்துள் வெளியாதல் வேண்டும். இவற்றினும் நயமான விதி ஒன்றுண்டு: வெளியிடும் நாளை முன்னரே அறிவித்து, யாவர்க்கும் ஒரே வேளையிற் கொடுத்தல் வேண்டும், வெளியீட்டுக்கு முன் அரசாங்கத்தில் எவரெவர் அவ்வெண்ணைக் காண்பர் என்பதையும் சொல்லிவிடல் வேண்டும். லூபின் கேட்டதும் இதுவன்றோ? இலங்கை இந்நியமத்தை 2015இல் ஏற்றது.

விதியை ஏற்றவுடன் உண்மை வெளிவந்துவிடவில்லை. தாய்லாந்து 1996இலேயே இந்நியமத்தில் இணைந்தது. 1997இல் அதன் ஒதுக்கு முந்நூறு கோடியிற் பத்து மடங்கினும் மேற்பட்ட டொலராகக் காட்டப்பட்டது. ஆயின் அதிற் பெரும்பகுதி எதிர்காலத்திற் கொடுப்பதாக ஒப்பந்தஞ் செய்யப்பட்ட பணம் என்பது எண்ணில் இல்லை. அதனால் அத்தகைய கடப்பாடுகளையும் காட்டும் புதிய படிவம் 1999இற் சேர்க்கப்பட்டது. ஆர்சென்றீனாவில் நடந்தது இதனினும் கொடிது. 2007இல் விலைச் சுட்டெண்ணைக் கணித்த அதிகாரியை அரசு மாற்றியது. அதன்பின் வந்த பணவீக்க எண்ணைக் கடைக்குச் செல்வோர் எவரும் நம்பவில்லை. வேறு எண் சொன்ன தனியார் பொருளியலாளர்க்குக் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. 2013 பெப்ரவரியில் நாணய நிதியம் அந்நாட்டைக் கண்டித்தது. 2016இலேயே அக்கண்டனம் நீங்கிற்று.

விரைவும் திருத்தமும் ஒன்றோடொன்று பொருந்தா என்பதை இங்கு மறத்தலாகாது. 2008ஆம் ஆண்டு நெருக்கடியின் பின் 2009 மே மாதம் ஒட்டாவாவிற் கூடிய புள்ளிவிபரவாளர், முன்னெச்சரிக்கை தரும் விரைவு மதிப்பீடுகள் எவ்வாறு அமைதல் வேண்டும் என ஆராய்ந்தனர். யூரோ நாடுகளின் மொத்த உள்நாட்டு உற்பத்தி பற்றிய முதல் மதிப்பீடு 2003இல் 45 நாளில் வந்தது. 2016 முதல் 30 நாளில் வருகிறது. விரைந்து வரும் எண் குறைந்த விடைகளைக் கொண்டது. பின் வருவன சேரும்போது மாறும். மாற்றம் பொய்யன்று. 2025 ஆகத்து முதலாந் தேதி அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரப் பணியகம் முந்திய இரு மாத வேலைவாய்ப்பு எண்களை 258,000 குறைத்துத் திருத்திற்று. எண்கள் அரசியல் நோக்கோடு திரிக்கப்பட்டன எனச் சனாதிபதி குற்றஞ்சாட்டினார். அதற்குச் சான்று காட்டப்படவில்லை. அன்றே பணியகத்தின் ஆணையாளர் பதவிநீக்கப்பட்டார்.

எண்களின் பிறப்பிடமும் மாறி வருகிறது. கடைகளின் பட்டைக்குறிப் பதிவும், வங்கி அட்டைக் கொடுப்பனவும், செய்மதிப் படமும் அரசின் வினாக்கொத்தினும் விரைவானவை. ஆனால் அவற்றிற் பல தனியார் நிறுவனங்களின் உடைமை. அவற்றைப் பொதுக் கணக்குக்கு எவ்வாறு பெறுவது என்பதே இனிவரும் திட்டமிடலின் கடினமான பகுதி. உணவு விலையேற்றங்களின் பின் 2011இல் இருபது நாடுகளின் விவசாய அமைச்சர்கள் கோதுமை, சோளம், அரிசி, சோயா ஆகியவற்றின் சந்தை நிலையை அறிவிக்கும் ஒரு முறையைத் தொடக்கினர். அதன் செயலகம் உரோமில் உணவு விவசாயத் தாபனத்தின் கட்டடத்தில் உள்ளது. லூபினின் கழகத்து நூல்களும் அவர் பெயர் தாங்கிய நூலகமாக அங்கேயே உள்ளன. அரசுகள் பயிர்நிலையை அனுப்புகின்றன. தனியார் வணிகரின் களஞ்சியங்களில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்பதே இன்றும் நன்கு அறியப்படாத எண்.