வீட்டுப்பாடம் யாருடைய வீட்டுக்கு?

2021இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘ஒப்படைப்பு’ என்ற பெயரில் பயிற்சிகள் வந்தன. வீட்டிலேயே பாடத்தைப் படித்து, விடை எழுதி, ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் பரப்பளவும் விகிதமும் போட்டார்கள். சமூக அறிவியலில் திசையும் வரைபடமும் எழுதினார்கள். நம்மில் பலர் அந்த மாதங்களில் குடியிருப்புகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தத் தாள்களை நிரப்ப உதவியிருக்கிறோம்.

வீட்டுப்பாடம் எதுவானாலும் அது கேட்காமலே சிலவற்றை எடுத்துக்கொள்கிறது. பிள்ளைக்கு உட்கார இடம் உண்டு, விளக்கு உண்டு, சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் உண்டு, வேறு வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதெல்லாம் அதில் அடக்கம். இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. படிப்பைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய போதெல்லாம், எந்த வீட்டில் என்ன இருந்தது என்பதைச் சாதியே முடிவு செய்திருக்கிறது. வீட்டுக்கு வெளியே படிக்க ஓர் இடம் கட்டுவது என்பதே நம் முன்னோர் அதற்குக் கண்ட பதில். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இன்றைய நம் வேலை விளங்கும்.

திண்ணையில் கணக்கு, சேரியில் நிலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்ப் பிள்ளைகள் கணக்குப் படித்தது திண்ணைப் பள்ளியில். திண்ணை என்பது யாரோ ஒருவருடைய வீட்டின் முன்பகுதி. அந்த வீடு ஊருக்குள் இருந்தது. ஊருக்குள் நம்மவர் நடக்கவே தடை இருந்த காலத்தில், திண்ணையேறி உட்கார்வது எப்படி? அங்கே எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். முந்திரி, மாகாணி, அரைக்கால், கால் என்று பின்னங்கள் நாக்கில் ஊறின. இந்தக் கணக்கு தேவைப்பட்ட இடங்கள் நிலம், நெல், வட்டி, வரி. கணக்கைப் படித்தவர் கணக்குப்பிள்ளை ஆனார். நெல்லை அறுத்துக் களத்தில் சேர்த்தவர், தன் கூலியை அவர் அளந்து போட்டபடி வாங்கிக்கொண்டார். படியும் மரக்காலும் அடுத்தவர் கையில் இருந்தால், கூலி சரியா என்று யார் சரிபார்ப்பது?

அதேபோல ஊரின் நிலவியலை அறிந்தவர்கள் யார் என்று பாருங்கள். எல்லைத் தகராறு வந்தால், எல்லைக் கோட்டை நடந்து காட்டப் பறையர் பெரியவரை அழைக்கும் வழக்கம் இருந்ததைக் காலனிய காலத்து இனவியல் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. ஊர் எல்லை அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று ஊரே ஒப்புக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் எந்த வயலுக்கு எப்போது பாயும், எந்த மேட்டில் ஏறாது என்பது தண்ணீர் பாய்ச்சியவர்களுக்குத் தெரியும். அறிவு சேரியில் இருந்தது. அதை எழுதிய ஏடு கணக்குப்பிள்ளை வீட்டில் இருந்தது. சொத்து எழுதப்பட்டவர் பெயருக்குப் போனது, நடந்து காட்டியவர் பெயருக்குப் போகவில்லை. கணக்கும் புவியியலும் நம் வரலாற்றில் வெறும் பள்ளிப் பாடங்கள் அல்ல என்று நாம் சொல்வது இதனால்தான்.

இந்தக் கதவை உடைத்தவை தனிப் பள்ளிகள். மகாராட்டிரத்தில் ஜோதிராவ், சாவித்திரிபாய் புலே இணையர், உழைக்கும் மக்களுக்காக 1855இல் இரவுப் பள்ளி தொடங்கினார்கள். பகல் முழுவதும் வேலை செய்பவருக்கு இரவில்தான் படிக்க நேரம் கிடைக்கும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. சென்னை அடையாறில் 1894இல் ஆல்காட் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் நிறுவினார். ‘வீட்டில் படித்துக்கொள்’ என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. படிக்க இடம் கொடுத்தார்கள்.

அம்பேத்கரின் வீட்டுப்பாடம்

அண்ணல் அம்பேத்கரின் பள்ளிப் பருவத்தை வீட்டுப்பாடத்தின் பக்கமிருந்து பார்ப்போம். சாத்தாராவில் படித்தபோது வகுப்பில் அவருக்குத் தனியாக ஒரு சாக்குத்துணி. பள்ளியைச் சுத்தம் செய்யும் வேலையாள் அதைத் தொட மாட்டார். அதனால் மாலையில் அதை வீட்டுக்குச் சுமந்து போய், மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதை அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் புத்தகத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அவர் தீண்டாமையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

பின்னர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி. ஒருநாள் ஆசிரியர் அவரைக் கரும்பலகையில் கணக்குப் போட அழைத்தார். கரும்பலகைக்குப் பின்னால் மற்ற மாணவர்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களை வைத்திருந்தார்கள். அவர் அருகில் போனால் உணவு தீட்டாகிவிடும் என்று அவர்கள் ஓடிப்போய் அவற்றை அப்புறப்படுத்தினார்கள். அதன் பிறகுதான் அவர் கணக்கைப் போட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

பரேல் பகுதியில் அவர் குடும்பம் வாழ்ந்தது ஒரே ஓர் அறையில். சமையல், பாத்திரம், விறகு, உறக்கம் எல்லாம் அதே அறைக்குள். பகலில் படிக்க வழியில்லை. மகன் சீக்கிரம் தூங்கிவிட வேண்டும். தந்தை ராம்ஜி சக்பால் விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிவிட்டுத் தான் படுப்பார். கண்ணாடிக் கூடு இல்லாத மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பு நடந்தது. 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறினார்.

இந்தக் கதையைத் தனிமனித உழைப்புக்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் சொல்கிறோம். அதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ராம்ஜி இராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராக வேலை பார்த்தவர். கணக்கும் ஆங்கிலமும் மகனுக்குச் சொல்லித்தர அவரால் முடிந்தது. பிரித்தானிய இந்தியப் படையில் சேர்ந்த மகர் குடும்பங்களுக்குப் படிப்பு கிடைத்ததால்தான் அந்த ஓரறை வீட்டில் ஓர் ஆசிரியர் இருந்தார். வீட்டுக்குள் படிப்பு வந்தது வெளியே இருந்த ஒரு நிறுவனத்தின் வழியாக. அப்படி ஒரு தந்தை இல்லாத ஆயிரமாயிரம் வீடுகளில் விளக்கு எரிந்தாலும் சொல்லித்தர ஆள் இல்லை.

அம்பேத்கர் இதை மறக்கவில்லை. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1925இல், அந்தச் சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. இயக்கத்தின் முதல் வேலைகளில் ஒன்றாக விடுதி ஏன் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். படிக்க ஓர் இடம், நேரத்துக்குச் சோறு, பக்கத்தில் படிக்கும் தோழர்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து படித்தவர், அடுத்த தலைமுறை அப்படி எழ வேண்டியதில்லை என்று செய்த ஏற்பாடு அது.

1953: அரைநாள் பள்ளி, அரைநாள் வீடு

சென்னை மாநிலத்தில் வீட்டுக் கல்வி அரசின் கொள்கையாகவே வந்த ஆண்டு 1953. முதலமைச்சர் இராஜாஜியின் மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமப்புறத் தொடக்கப் பள்ளி நேரம் நாளுக்கு 5 மணியிலிருந்து 3 மணியாகக் குறைந்தது. பிள்ளைகள் இரண்டு முறைகளாகப் பள்ளிக்கு வருவார்கள். மீதி நேரத்தில் தந்தையின் தொழிலை வீட்டில் கற்க வேண்டும். மக்கள் இதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம்.

இடப்பற்றாக்குறை, ஆசிரியர் பற்றாக்குறை, உழைப்பின் பெருமை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் வீடு என்ன கற்றுத்தரும்? கர்ணம் வீட்டுப் பிள்ளை வீட்டில் கணக்கு கற்கும். பண்ணையாள் வீட்டுப் பிள்ளை மாடு மேய்க்கவும் சாணம் அள்ளவும் கற்கும். செத்த மாட்டை இழுப்பதும் சாவுக்குப் பறையடிப்பதும் அதன் பாடத்திட்டத்தில் சேரும். நகரப் பள்ளிகள் வழக்கம்போல முழுநாள் நடந்தன. குறைந்தது கிராமத்துப் பிள்ளையின் பள்ளி நேரம்தான்.

பெரியாரும் திராவிட இயக்கமும் தெருவில் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகி, காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. ‘வீட்டிலேயே கற்கட்டும்’ என்ற சொல் கேட்க இனிமையானது. அது சாதி வீட்டைச் சாதி வீடாகவே வைத்திருக்கும் என்பதை நம் தாத்தா பாட்டிகள் ஓராண்டுக்குள் புரிந்துகொண்டு முறியடித்தார்கள்.

2020–21: மீண்டும் வீடு

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பள்ளி மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1இல். ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பள்ளி என்பதே வீடுதான். நோயின் காரணமாக வந்த மூடலை 1953இன் திட்டத்தோடு ஒன்றாக்க நாம் முனையவில்லை. நோக்கம் வேறு. விளைவைத்தான் ஒப்பிடுகிறோம்.

2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏழை எளிய குடும்பத்துப் பிள்ளைகள் சுமார் 1,400 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பொருளாதார அறிஞர் ஜான் டிரீஸ் உள்ளிட்டோர் அதை ஒருங்கிணைத்தார்கள். கிராமப்புறத்தில் இணையவழியில் முறையாகப் படித்தவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 விழுக்காடு. கிராமப்புறத் தலித், ஆதிவாசிப் பிள்ளைகளைத் தனியாக எடுத்தால், இணையவழியில் முறையாகப் படித்தவர்கள் 4 விழுக்காடு. கிராமத்து மற்றப் பிள்ளைகளில் அது 15 விழுக்காடு. எல்லாருமே எளிய குடும்பங்கள். அதற்குள்ளும் சாதி ஏறக்குறைய நான்கு மடங்கு வேறுபாட்டை உண்டாக்கியிருக்கிறது.

2021 அக்டோபர் இறுதியில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் குடியிருப்புக்கே வந்து சொல்லிக்கொடுத்தார்கள். வந்தவர்களில் நம் தங்கைகள், அக்காக்கள் பலர் உண்டு. பாடத்தை வீட்டுக்கு அனுப்பினால் போதாது, ஆளையும் அனுப்ப வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

நம் மாலை வகுப்புகளில்

தோழர்களே, வீட்டுப்பாடமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அதைச் செய்யக் குடியிருப்புக்குள் ஓர் இடமும் ஓர் ஆளும் இருப்பது பிள்ளையின் உரிமை என்கிறோம். சமுதாயக் கூடமோ, படிப்பகமோ, மரத்தடியோ, மாலை இரண்டு மணி நேரம் விளக்கு எரியட்டும். அங்கே பாடப்புத்தகத்துக் கணக்கோடு நம் கணக்கையும் போடுவோம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வரைபட அளவை தெரியும். குடியிருப்பிலிருந்து நடுநிலைப் பள்ளி வரை உள்ள பாதையை 1 செ.மீ. = 500 மீட்டர் என்ற அளவையில் வரையச் சொல்லுங்கள். பாதை வளையும் இடமெல்லாம் நூலை வளைத்து அளக்கட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகள் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு 3 கி.மீ. நடைதூரத்துக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன. நூல் 6 செ.மீ.க்கு மேல் நீண்டால், அந்தப் பிள்ளை வரைந்தது ஒரு மனுவுக்கான ஆதாரம். அதே தாளில் தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றையும் குறிக்கட்டும். எது யாருக்கு அருகில் என்பது தானாகத் தெரியும்.

ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கும் பிள்ளை தன் அறையின் நீள அகலத்தை அளந்து, பரப்பளவைத் தங்குவோர் எண்ணிக்கையால் வகுக்கட்டும். கழிப்பறை எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று விகிதம் எழுதட்டும். சோலாப்பூர் விடுதியின் வாரிசுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதற்கு அதுவே பதில்.

பெரிய பிள்ளைகளுக்கு நிலக் கணக்கு. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்கீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் நம் மக்களுக்குப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அவற்றில் பெரும்பகுதி கைமாறிப் போனதற்கு மிரட்டலும் கடனும் காரணம். ஏட்டைப் படிக்க நம் வீட்டில் ஆள் இல்லாததும் காரணம். 1 ஹெக்டேர் 100 ஏர், 1 ஏர் சுமார் 2.47 சென்ட், 100 சென்ட் ஓர் ஏக்கர். பட்டாவில் 40.50 ஏர் என்றிருந்தால் அது ஏறக்குறைய ஓர் ஏக்கர். இந்தப் பெருக்கல் ஏழாம் வகுப்புக் கணக்குதான். புலப்படத்தில் வடக்கு எது என்று பார்ப்பது ஆறாம் வகுப்புப் புவியியல்தான்.

எல்லையை நடந்து காட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இனி அந்த எல்லையை வரையவும், பரப்பைக் கணக்கிடவும், கணக்கை எழுதி அலுவலக மேசையில் ஒப்படைக்கவும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான மாலை வகுப்பு உங்கள் குடியிருப்பில் இல்லையென்றால், இந்த வாரமே தொடங்குங்கள்.