பெர்த்தா பாட்டுக்கு மெட்டு போட்டது யாரு?

(எபிசோடின் எழுத்து வடிவம், படிக்க வசதியாகத் திருத்தப்பட்டது)

போன மாசம் ஃப்ரெண்டோட குழந்தைக்கு முதல் பிறந்தநாள். வித்தியாசமா ஒரு பாட்டு பரிசா குடுக்கலாம்னு ஒரு ஏஐ மியூசிக் ஆப்ல குழந்தையோட பேரு, செல்லப் பேரு, ரெண்டு வரி விவரம் டைப் பண்ணேன். டீ ஆறுறதுக்குள்ள தபேலா, புல்லாங்குழல், பாடகி குரல் எல்லாம் சேர்ந்து ஒரு முழுப் பாட்டு வந்துடுச்சு. கேட்டவங்களுக்கெல்லாம் பிடிச்சிருந்தது. சரி, வீடியோவோட சேர்த்து அப்லோட் பண்ணலாம்னு போனா அங்க ஒரு கட்டம்: 'இசையமைப்பாளர் பெயர்'. என்ன போடறது? என் பேரா? நான் எழுதினது ரெண்டு வரி.

இதே கேள்வி இதுக்கு முன்னாடி யாருக்கு வந்திருக்கும்னு தேடிப் போனேன். கிட்டத்தட்ட 70 வருஷம் பின்னாடி போக வேண்டியிருந்தது.

1956, கலிஃபோர்னியா. அங்க பாசடீனாவில் எலக்ட்ரோடேட்டா என்ற கம்பெனி டேட்டாட்ரான் என்ற கம்ப்யூட்டரைத் தயாரித்து வந்தது. அந்த வருஷம்தான் பரோஸ் கம்பெனி அதை வாங்கியது. டேட்டாட்ரான் ஒரு ரூமையே அடைக்கிற வேக்யூம் ட்யூப் இயந்திரம். மெமரிங்கிறது சுத்திக்கிட்டே இருக்கிற ஒரு காந்த உருளை. அதில் சுமார் 4,000 எண்களைச் சேமிக்கலாம், ஒவ்வொண்ணும் 10 இலக்கம். உங்க ஃபோன்ல இருக்கிற ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கருக்கே அந்த இடம் பத்துமான்னு சந்தேகம்தான். இந்த மெஷினை வெச்சு பாப் பாட்டு போடணும்னு மார்ட்டின் க்ளைன், டக்ளஸ் பொலித்தோன்னு ரெண்டு பேர் கிளம்பினாங்க.

அவங்க செஞ்ச முதல் வேலையே எனக்கு ரொம்பப் பிடிச்சது. மெஷின் பக்கமே போகல. அப்போ ஹிட்டான பாட்டுகளை எடுத்து வெச்சு ஸ்வரங்களை எண்ண ஆரம்பிச்சாங்க. எண்ணி முடிச்சதும் ஒரு அச்சு கிடைச்சது. முதல்ல ஏ பகுதி, 8 பார், அதுல 18-லிருந்து 25 ஸ்வரம். திரும்ப அதே ஏ. அப்புறம் பி பகுதி, அதுவும் 8 பார், 17-லிருந்து 35 ஸ்வரம். கடைசியில் மறுபடி ஏ. பல்லவி, சரணம், பல்லவி மாதிரின்னு தோராயமா வெச்சுக்கலாம். அச்சு அசல் அது இல்ல, கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்க சண்டைக்கு வராதீங்க.

அடுத்தது விதிகள். தொடர்ந்து 5 ஸ்வரம் மேல ஏறினா ஆறாவது கீழ இறங்கணும். 5 இறங்கினா ஆறாவது ஏறணும். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களுக்கு நடுவுல 6 ஸ்வரத்துக்கு மேல தாவல் கூடாது. ஏ பகுதி பொதுவா ஸ்கேல்ல ரெண்டாவது, நாலாவது ஸ்வரத்துல ஆரம்பிக்கக் கூடாது, அதாவது நம்ம கணக்குல ரி, ம.

இனி மெஷினோட வேலை. ஆபரேட்டர் 10 இலக்க எண் ஒண்ணைக் குடுப்பார். அதிலிருந்து மெஷின் தானா ரேண்டம் இலக்கங்களை உருட்டிக்கிட்டே போகும். 0 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கமும் ஒரு ஸ்வரம். வந்த ஸ்வரம் விதிகளுக்கு ஒத்து வருதா? வந்தா வெச்சுக்கோ. வரலையா? தூக்கிப் போட்டுட்டு அடுத்ததை எடு. அவ்ளோதான். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி, பொருத்தம் இல்லன்னா அடுத்த வரன்.

இப்படி வந்த ஒரு மெட்டு ஜாக் ஓவன்ஸ் என்ற பாடலாசிரியர் கைக்குப் போச்சு. 1941-ல அமெரிக்காவில் செம ஹிட்டான 'ஹட்-சட் சாங்' எழுதின மூணு பேர்ல அவரும் ஒருத்தர். மெட்டைக் கேட்டுட்டு அதுக்கு வரி எழுதறது நம்ம சினிமாவுக்குப் புதுசு இல்ல. இங்க மெட்டு குடுத்தது ஒரு கம்ப்யூட்டர், அதான் வித்தியாசம். அவர் எழுதின பாட்டோட பேரு 'புஷ் பட்டன் பெர்த்தா'. பட்டனை அமுக்கினா பாடற பொண்ணு. 1956 ஜூலையில் டிவியிலயே வந்துடுச்சு.

இதே கோடைக்காலத்தில் இலினாய் பல்கலைக்கழகத்தில் இன்னொரு கூத்து நடந்துக்கிட்டிருந்தது. லெஜாரன் ஹில்லர் அங்க வேதியியல் ஆள். பாலிமர் மூலக்கூறு எப்படியெல்லாம் வளையும்னு இலியாக் கம்ப்யூட்டரில் ரேண்டம் எண்களை வெச்சுக் கணக்கு போட்டவர். அதே முறையில் இசையும் செய்யலாமேன்னு லெனர்ட் ஐசக்சனோட சேர்ந்து தந்தி வாத்தியங்கள் வாசிக்கிறவங்களுக்காக ஒரு குவார்ட்டெட் செஞ்சார். ஆகஸ்ட் 9 அன்னைக்கு அதன் முதல் மூணு பகுதிகளை மேடையில் வாசிச்சாங்க. கம்ப்யூட்டர் இசை வரலாறுன்னு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த 'இலியாக் ஸ்வீட்' இருக்கும். பெர்த்தாவுக்கு அடிக்குறிப்பு கிடைச்சாலே பெரிசு. குவார்ட்டெட்டுக்கு இருக்கிற மரியாதை குத்துப்பாட்டுக்கு எந்த ஊர்லயும் கிடைக்காது போல.

ஆனா என் கட்டத்துக்குப் பதில் பெர்த்தா கதையில்தான் இருந்தது. பாட்டுக்குக் காப்பிரைட் கேட்டு அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகத்துக்குப் போயிருக்காங்க. பதிவு செய்ய முடியாதுன்னு பதில் வந்தது. காரணம், மெஷின் எழுதின இசையை இதுக்கு முன்னாடி யாரும் பதிவு செஞ்சதே இல்லையாம். யோசிச்சுப் பாருங்க. ஸ்வரங்களை எண்ணினது மனுஷன். விதி எழுதினது மனுஷன். வந்த மெட்டுகளில் இது போதும்னு ஒண்ணை எடுத்ததும் மனுஷன்.

அந்தக் கடைசி வேலை எவ்வளவு பெரிசுன்னு எனக்கு முதல்ல புரியல. ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து க்ளைனோட விதிகளைப் பைத்தானில் எழுதினேன். 60 வரிகூட இல்ல. எந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்கணும்னு மட்டும் நானே முடிவு பண்ணேன். ரன் பண்ணா, கண் மூடித் திறக்கிறதுக்குள்ள 50 மெட்டு. எல்லாமே விதிப்படி சரி. கேட்டா 40-க்கு மேல லிஃப்ட்ல ஓடற மியூசிக் மாதிரி. கொஞ்சம் தேறினது ஏழெட்டு. அதுல ஒண்ணை மட்டும் என்னை அறியாம பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்துக்கிட்டிருந்தேன். கோடு எழுத ஒரு மணி நேரம். அந்த ஒண்ணைத் தேடிக் கேட்டு எடுக்க நாள் முழுக்க ஆச்சு.

காப்பிரைட் அலுவலகத்துக்கும் இந்தத் தலைவலி தீரல. 1965 ஆண்டறிக்கையிலேயே கம்ப்யூட்டர் செஞ்ச இசைக்கு விண்ணப்பம் வந்ததைச் சொல்லி, உண்மையில் இயற்றினது மனுஷனா, மெஷினான்னு கேட்டிருக்காங்க. 2023 மார்ச்சில் வந்த வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட அதேதான்: மனுஷன் செஞ்ச பகுதிக்கு மட்டும்தான் பதிவு, வெறும் ப்ராம்ப்ட் குடுத்து மெஷின் செஞ்சதுக்குக் கிடையாது.

ஒரு விஷயம் மட்டும் தலைகீழா மாறிடுச்சு. க்ளைன் தன்னோட விதிகளை 1957-ல ஒரு ரேடியோ பத்திரிகையில் எழுதியே வெளியிட்டார். அதனாலதான் 70 வருஷம் கழிச்சு நான் என் லேப்டாப்ல அதை ஓட்ட முடியுது. இன்னைக்கு ஆப்களில் விதியை யாரும் எழுதறதில்லை. ஏகப்பட்ட பாட்டுகளைக் கேட்டு மாடலே கத்துக்குது. யாரோட பாட்டுகள்? அங்கதான் சண்டை. சுனோ, யூடியோ ரெண்டு கம்பெனி மேலயும் 2024 ஜூனில் பெரிய ரெக்கார்ட் கம்பெனிகள் வழக்கு போட்டாங்க, எங்க பாட்டுகளை அனுமதியில்லாம பயிற்சிக்கு எடுத்துட்டாங்கன்னு. என் பிறந்தநாள் பாட்டுல வந்த புல்லாங்குழல் எந்த வித்வான்கிட்டேர்ந்து கத்துக்கிட்டதுன்னு எனக்குத் தெரியாது. பெர்த்தாகிட்ட அந்தப் பிரச்சினை கம்மி. அவங்க எடுத்துக்கிட்டது பாட்டுகளோட எண்ணிக்கைக் கணக்கை மட்டும்தான்.

குழந்தைக்கு இப்போ ரெண்டு பாட்டு இருக்கு. பாத்திரம் கழுவற மெட்டுக்கு ஃப்ரெண்டோட மனைவி நாலு வரி எழுதினாங்க, பாடினதும் அவங்கதான், சுருதி அங்கங்க விலகும். அதோட கட்டத்தில் எங்க ரெண்டு பேர் பேரையும் போட்டு அப்லோட் பண்ணியாச்சு. ஆப் பாட்டு இன்னும் டிராஃப்ட்லயே கிடக்கு. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா 'அடுத்து' பட்டன் வேலை செய்ய மாட்டேங்குது.